மகள் உறுப்பு மாற்றுப் பிரிவில் மருந்தாளராக வேண்டும் என்கிறாள். இந்த வேலையை நேரில் அறிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 ஈசூன் அப்பா | சனி, இரவு 10.20

வணக்கம். இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போய்விடுவேன், எழுதுவது அபூர்வம். இன்று கேட்டே ஆக வேண்டிய விஷயம் ஒன்று.

மகள் தொடக்கக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வருடக் கடைசியில் ஏ நிலைத் தேர்வு. வேதியியல், உயிரியல், கணிதம் மூன்றையும் எச்2 நிலையில் படிக்கிறாள். போன வருடம் என் மச்சானுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, பக்கத்துப் பிளாக்கில்தான் இருக்கிறார். பள்ளி விடுமுறையில் மகள்தான் அவரோடு மருத்துவமனைக்குப் போய் வந்தாள். அங்கே ஒரு மருந்தாளர் மச்சானை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினாராம். ஒவ்வொரு மாத்திரையாக எடுத்துக் காட்டி, இது எதற்கு, எத்தனை மணிக்கு, எதோடு சாப்பிடக் கூடாது என்று சொல்லி, அப்புறம் மச்சானையே திருப்பிச் சொல்லச் சொன்னாராம். வீட்டுக்கு வந்தவள், "அப்பா, நான் அவங்க மாதிரி ஆகணும்" என்றாள். அன்றிலிருந்து அதே பேச்சுதான்.

போன வாரம் ஒரு காதுகுத்து விசேஷம். சொந்தக்காரர் ஒருவர், "கடையில மாத்திரை எடுத்துக் குடுக்குற வேலைக்கு நாலு வருஷம் பல்கலைக்கழகமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வேலை என்னவென்று எனக்கே சரியாகத் தெரியாது. நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.

இது என்ன வேலை? சிங்கப்பூரில் அதில் போய்ச் சேர என்ன வழி? வாழ்க்கைக்குப் போதுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

#2 மருந்தறை இரண்டாம் மாடி | சனி, இரவு 11.48

அண்ணே, நான் இந்த வேலையில்தான் பதினோரு வருடமாக இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்காதீர்கள். இதற்கு அவசரமாகப் பதில் எழுத மனமில்லை, நீளமாகவே எழுதுகிறேன்.

மாற்று உறுப்பு உடம்புக்கு அந்நியப் பொருள். நம் நோய் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாகத்தான் பார்க்கும். அந்தச் சக்தியை அடக்கி வைக்க மருந்து வேண்டும், உறுப்பு இருக்கிற வரைக்கும் தினமும் வேண்டும். ரொம்ப அடக்கினால் சளி, காய்ச்சல், காசநோய், பூஞ்சை என்று தொற்று வரும். போதாமல் அடக்கினால் உடம்பு உறுப்பை நிராகரித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். முக்கியமான மருந்து டாக்ரோலிமஸ். காலையில் மாத்திரை போடுவதற்கு முன் இரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம்தான் இருக்க வேண்டும். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த எண் கொஞ்சம் ஏறினால் கை நடுங்கும், சிறுநீரகமே கெடும். இறங்கினால் நிராகரிப்பு.

ஒரு நாள் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். அறுபது தாண்டிய ஐயா ஒருவர், மாற்று சிகிச்சை முடிந்து ஏழாவது வாரம். இரத்தப் பரிசோதனையில் டாக்ரோலிமஸ் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். இளம் மருத்துவர் அளவைக் குறைக்க எழுதப் போனார். அவர் மேல் தப்பில்லை, எண்ணைப் பார்த்தால் யாருமே அதைத்தான் செய்வார்கள். நான் ஐயாவிடம் போய்த் தமிழில் கேட்டேன்: "ஐயா, இன்னைக்கு ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?" அவர் சொன்னார்: "ஒண்ணும் சாப்பிடலம்மா. மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டேன். ஒன்பது மணி தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இங்க வரிசையில நேரமாயிடுமோன்னு எம்ஆர்டியிலயே போட்டுட்டேன்."

விஷயம் அவ்வளவுதான். நேரம் தவறக் கூடாது என்று நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர் அப்படியே பின்பற்றியிருக்கிறார். ஆனால் மாத்திரை போட்ட பிறகு இரத்தம் எடுத்தால் அளவு உச்சத்தில்தான் இருக்கும். அந்த எண்ணை நம்பி மருந்தைக் குறைத்திருந்தால் சில நாளில் நிராகரிப்பு தொடங்கியிருக்கலாம். அளவை மாற்றவில்லை. மறுநாள் மாத்திரைக்கு முன் இரத்தம் எடுத்தோம், எண் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு பரிசோதனை நாள் காலை மாத்திரையை ஒரு சின்னப் பையில் போட்டு, "ரத்தம் எடுத்த பிறகு" என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். லேபல் ஆங்கிலத்தில் வரும், ஐயாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

உங்கள் மகள் பார்த்த முக்கால் மணி நேரம் இதற்குத்தான். அவள் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறாள். படிப்பு வழியை நாளை எழுதுகிறேன், இப்போது கண் சொக்குகிறது.

#3 காலை ஒன்பது இரவு ஒன்பது | ஞாயிறு, காலை 7.05

நான் நோயாளி. எட்டரை வருடம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அப்புறம் ஒரு நள்ளிரவில் தொலைபேசி வந்தது. இப்போது ஆறு வருடமாக அந்தச் சிறுநீரகத்தோடு இருக்கிறேன். யார் கொடுத்தார் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். தினமும் சாமி கும்பிடும்போது அவருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

மருந்தாளரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்பு விடாத இருமல். வீட்டுப் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். எனக்கு மாற்று சிறுநீரகம் என்று சொன்னேன். மருந்துப் பட்டியலையும் நீட்டினேன், அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கோப்பிக் குவளையைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. மேசையெல்லாம் கோப்பி. என் மனைவி பயந்துபோய் மருத்துவமனை மருந்தாளருக்குப் போன் அடித்தாள். எங்களுக்கு ஒரு நேரடி எண் கொடுத்திருந்தார்கள். அவர் முதலில் கேட்ட கேள்வி: "இந்த வாரம் புதுசா என்ன மருந்து சாப்பிட்டாங்க?" பெயரைச் சொன்னதும் உடனே வரச் சொல்லிவிட்டார். டாக்ரோலிமஸ் அளவு எங்கேயோ போயிருந்தது. நாலு நாள் வார்டில் இருந்தேன். சிறுநீரகம் தப்பித்தது.

அன்றைக்கு அந்தத் தொலைபேசியை எடுத்தவர் என் கண்ணுக்கு மருத்துவருக்கு ஒரு படிகூடக் குறைந்தவர் இல்லை. உங்கள் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

#4 மருந்தறை இரண்டாம் மாடி | ஞாயிறு, காலை 9.30

#3 ஐயா, நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று படிக்கவே மனம் நிறைகிறது.

மற்றவர்களுக்காக ஒரு வரி: டாக்ரோலிமஸைக் கல்லீரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதி உடைத்து வெளியேற்றும். கிளாரித்ரோமைசின், சில பூஞ்சை மருந்துகள் எல்லாம் அந்த நொதியை முடக்கிவிடும், மருந்து உடம்பிலேயே தேங்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறு, நொதியைத் தூண்டிவிட்டு மருந்தை வேகமாகக் காலி செய்யும். அதனால் மாற்று உறுப்பு உள்ளவருக்குக் காசநோய் வந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. கீல்வாதத்துக்குக் கொடுக்கும் அல்லோபியூரினால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதையோபிரினோடு சேர்ந்தால் இரத்த அணுக்களையே சரித்துவிடும். இதையெல்லாம் மனப்பாடம் செய்வது சுலபம். வார்டில் பதினெட்டு மருந்து எழுதிய பட்டியலில் எது எதோடு மோதுகிறது என்று ஒரு நிமிடத்தில் கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் வருடங்கள் தேவை.

#5 நேராகச் சொல்பவன் | ஞாயிறு, காலை 11.12

எல்லாரும் உணர்ச்சியாக எழுதுகிறீர்கள், மதிக்கிறேன். ஆனால் ஓர் அப்பா கேட்கிறார், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

எச்2 வேதியியல், உயிரியல், கணிதம் எடுத்த பிள்ளை. மருத்துவத்துக்கே விண்ணப்பிக்கலாமே? உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை இந்த ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் நடக்கிறது. அந்தப் பிரிவில் எத்தனை மருந்தாளர் வேலை இருக்கும்? பதினெட்டு வயதில் இவ்வளவு குறுகலான ஒன்றைக் குறிவைத்து, கிடைக்காமல் போனால் மனது உடையும். என் தங்கையும் மருந்தாளர்தான். ஐந்து வருடம் வெளிநோயாளி மருந்தகத்தில் நின்று, காலில் நரம்பு சுருண்டு, எதிரே நிற்பவர்களிடம் "ஏன் இவ்வளவு நேரம்" என்று ஏச்சு வாங்கி, கடைசியில் ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போய்விட்டாள். நல்ல சம்பளம், நிம்மதி. இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

#6 தொடர்பாளர் தாதி | ஞாயிறு, மதியம் 2.40

நான் உறுப்பு மாற்றுத் தொடர்பாளர், அடிப்படையில் தாதி. #5 சொல்வதில் பாதி சரி. இடங்கள் குறைவுதான். பெரியவர்களுக்கான சிறுநீரக, கல்லீரல் மாற்று அவுட்ரமில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் நடக்கிறது. பிள்ளைகளுக்கு தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை. இதயமும் நுரையீரலும் தேசிய இதய நிலையத்தில். அதனால் குழுக்கள் சின்னவை, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.

ஆனால் அந்தச் சின்னக் குழுவில் எத்தனை விதமான வேலை இருக்கிறது என்று பாருங்கள். என்னைப் போன்ற தொடர்பாளர்கள். உயர்நிலைப் பயிற்சித் தாதியர். மருந்தாளர், மருத்துவச் சமூக ஊழியர், உணவியல் நிபுணர், இயன்மருத்துவர். திசுப் பொருத்தம் பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் வேறு, அவர்களை யாரும் பார்ப்பதே இல்லை. உங்கள் மகளுக்கு இந்த உலகம் பிடித்திருக்கிறது என்றால் நுழைய ஒரு கதவு மட்டும் இல்லை.

என் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நம் மக்களிடையே இதைப் பற்றிக் குழப்பம் அதிகம். இறந்தவரின் உறுப்பை மாற்று சிகிச்சைக்கு எடுக்க வழிசெய்யும் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் வந்தது. அப்போது விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும். 2004இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் மூன்றையும் சேர்த்தார்கள், எந்தக் காரணத்தால் இறந்தாலும் என்று விரித்தார்கள். 2008இல் முஸ்லிம்களும் உள்ளே வந்தார்கள். 2009இல் அறுபது வயது என்ற உச்சவரம்பை எடுத்தார்கள். 21 வயது நிரம்பிய குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரும் இதில் அடக்கம், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் தவிர. அப்படி எழுதிக் கொடுத்தவருக்குப் பின்னால் உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் முன்னுரிமை குறையும். நுரையீரல் இந்தச் சட்டத்தில் கிடையாது, அதற்குத் தனியாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். அந்த உறுதிமொழிக்கான சட்டம் இன்னும் பழையது, 1972.

மூளைச் சாவு என்று சான்றளிக்க, உறுப்பு மாற்றில் சம்பந்தப்படாத இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதற்குப் பிறகுதான் நாங்கள் குடும்பத்தைப் பார்க்கப் போவோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு சின்ன அறை. ஒரு பெட்டி டிஷ்யூ, யாரும் தொடாத தண்ணீர் போத்தல்கள். மார்பு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, அப்படிப்பட்ட பிள்ளை இறந்துவிட்டான் என்று ஒரு தாய் ஏற்க வேண்டும். சட்டம் இருக்கிறது என்பதற்காக நான் சட்டம் பேசிக்கொண்டு அந்த அறைக்குள் போவதில்லை. முதலில் உட்காருவேன். அவர்கள் பேசும்வரை பேச மாட்டேன். தமிழ்க் குடும்பம் என்றால் என்னைத்தான் தேடுவார்கள்.

#7 காலை ஒன்பது இரவு ஒன்பது | ஞாயிறு, மாலை 4.15

#6 அக்கா, உங்களைப் போல ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்ததால்தான் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன சொல்ல.

#8 மருந்தறை இரண்டாம் மாடி | ஞாயிறு, இரவு 9.05

ஈசூன் அண்ணே, சொன்னபடி வழி.

இங்கே மருந்தாளர் பட்டம் தருவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். நாலு வருடம். படிப்பின் நடுவிலும் முடிந்த பிறகும் மருத்துவமனை, பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) என்று பயிற்சி. அப்புறம் தேர்வு எழுதி சிங்கப்பூர் மருந்தாளர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் மருந்தாளர் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது, தொடர்ந்து படித்துப் புள்ளிகள் சேர்க்கவும் வேண்டும்.

பதிவு ஆனதும் யாரும் நேராக உறுப்பு மாற்றுப் பிரிவுக்குப் போக முடியாது. போகவும் கூடாது என்பது என் அபிப்பிராயம். முதலில் சாதாரண வார்டு. மருந்தகத்தில் நிற்க வேண்டும். #5இன் தங்கை பட்ட பாட்டை நானும் பட்டேன், அது பொய்யில்லை. ஆனால் கால் கடுக்க நின்ற அந்த இரண்டு வருடத்தில்தான் ஒருவர் மருந்துப் பையை வாங்கும் விதத்தை வைத்தே அவர் சாப்பிடுவாரா மாட்டாரா என்று படிக்கக் கற்றேன்.

அப்புறம் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையிலேயே வேலையோடு சேர்ந்த மேல்பயிற்சி. முதல் வருடம் பொதுவானது, இரண்டாவது வருடம் சிறப்புத் துறை. கடினம். பகலில் வார்டு, இரவில் படிப்பு. வேறு வழியும் இருக்கிறது: வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு, அல்லது சிறுநீரகம், தீவிர சிகிச்சை, தொற்றுநோய் ஆகிய பிரிவுகளில் அனுபவம் சேர்த்துப் பக்கவாட்டில் நுழைவது. நான் இரண்டாவது வழியில் வந்தவள். அமெரிக்காவில் மருந்தியல் சிறப்புத் துறைகளுக்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. உறுப்பு மாற்று மருந்தியலைத் தனித் துறையாக 2018இல்தான் ஏற்றார்கள், முதல் தேர்வு 2020இல். இங்கிருந்தும் அதை எழுதலாம். அதாவது துறையே இளசு, உங்கள் மகள் வரும்போது இன்னும் வளர்ந்திருக்கும். 2018இல் இங்கேயும் ஒரு கதவு திறந்தது: தேசியக் கூட்டு மருந்தெழுதும் திட்டம். பயிற்சி பெற்ற மருந்தாளரும் உயர்நிலைப் பயிற்சித் தாதியரும், மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, மருந்து எழுதவும் அளவை மாற்றவும் முடியும்.

#5க்குப் பதில். மருத்துவம் படிக்க ஆசை இருந்தால் பிள்ளை மருத்துவம் படிக்கட்டும், தாராளமாக. ஆனால் அவள் ஆசைப்பட்டது அறுவை சிகிச்சைக் கூடத்தைப் பார்த்து இல்லை. அறுவை சிகிச்சை சில மணி நேரம். அதற்குப் பிறகு அந்த உறுப்பு பத்து வருடமோ இருபது வருடமோ தினமும் காலையும் இரவும் மாத்திரையை நம்பி இருக்கிறது. அந்த நீண்ட காலத்தில் நோயாளியோடு இருக்கிற வேலையைத்தான் அவள் பார்த்தாள். இரண்டையும் மேல் கீழ் என்று அடுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

இடம் குறைவு என்பது உண்மை. அதனால் "உறுப்பு மாற்று மட்டும்தான்" என்று பிள்ளை பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மருந்தாளராக வரட்டும். வார்டில் நின்ற பிறகு புற்றுநோய்ப் பிரிவோ முதியோர் பிரிவோ பிடித்துப்போகலாம். என்னோடு படித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் நினைத்த இடத்தில் இல்லை, நல்ல இடத்தில் இருக்கிறார்கள்.

#9 தெம்பனிஸ் திருச்சிக்காரன் | ஞாயிறு, இரவு 10.30

அக்கா, நான் தமிழ்நாட்டில் பி.ஃபார்ம் முடித்தவன். இப்போது இங்கே ஒரு கிடங்கில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலை. ஊரில் இருக்கும் தம்பி ஃபார்ம்.டி படிக்கிறான். ஏஜென்ட் ஒருவர் "சிங்கப்பூரில் மருத்துவமனை மருந்தாளர் வேலை வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிறார். நம்பலாமா?

#10 செங்காங் அக்கா | ஞாயிறு, இரவு 11.02

தம்பி, பணம் கொடுக்காதே. நான் மருந்தகத் தொழில்நுட்பர், இருபது வருடம். வெளிநாட்டுப் பட்டத்தில் எதையெல்லாம் ஏற்கிறார்கள் என்று மருந்தாளர் மன்றமே இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. உன் தம்பியின் கல்லூரி அதில் இருக்கிறதா என்று முதலில் பார். இல்லை என்றால் எந்த ஏஜென்டாலும் பதிவு வாங்கித் தர முடியாது. நேரில் பார்த்து வயிறெரிந்ததால் சொல்கிறேன்: என்னோடு வேலை பார்த்த ஒரு பிள்ளை இப்படித்தான் ஊரில் நகையை அடகு வைத்துவிட்டு வந்தது. ஒரு வருடத்தில் திரும்பிப் போனது.

இந்த இழையில் தொழில்நுட்பரைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மருந்தியல் டிப்ளோமா முடித்தவர்கள் இந்த வேலைக்கு வரலாம். மருந்தை எடுத்து, எண்ணி, சரிபார்த்து, பொதிந்து கொடுப்பது நாங்கள். டாக்ரோலிமஸில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிடுவது ஒன்று, ஒரு வேளை சாப்பிடுவது ஒன்று. புரோகிராஃப், அட்வகிராஃப். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, உள்ளே இருக்கும் மருந்தும் ஒன்று, ஆனால் ஒன்றுக்குப் பதிலாக ஒன்றைக் கொடுக்கக் கூடாது. எங்கள் அலமாரியில் இரண்டையும் வேண்டுமென்றே தூரத் தூர வைத்திருப்போம். எடுக்கும்போது பெயரை வாய்விட்டுப் படிப்பேன். இருபது வருடத்துக்குப் பிறகும் படிக்கிறேன்.

இன்னொன்று. ஒரு மாமா, மூன்று மாத மருந்து வாங்க வந்தவர், "இது வேணாம்மா, வீட்டுல நிறைய இருக்கு" என்று ஒரு பெட்டியைத் திருப்பித் தள்ளினார். எனக்குச் சுருக்கென்றது. சரியாகச் சாப்பிட்டிருந்தால் எப்படி மிஞ்சும்? உள்ளே போய் மருந்தாளரைக் கூட்டி வந்தேன். விசாரித்தால், கை நடுக்கம் பிடிக்காமல் இரவு மாத்திரையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார், மனைவிக்குக்கூடத் தெரியாமல். எங்கள் வேலை அந்தப் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைப்பதோடு முடிந்திருக்கலாம், ஆனால் முடியக் கூடாது.

#11 தெம்பனிஸ் திருச்சிக்காரன் | ஞாயிறு, இரவு 11.20

நன்றி அக்கா. நாளைக்கே தம்பியிடம் சொல்கிறேன். பட்டியலையும் பார்க்கிறேன்.

#12 நேராகச் சொல்பவன் | திங்கள், காலை 8.10

#8, #10 இரண்டையும் படித்தேன். தங்கைக்கும் அனுப்பினேன். அவள் சொன்னது: "அப்போ எனக்கு யாராச்சும் இப்படி எடுத்துச் சொல்லியிருந்தா இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிச்சிருப்பேன்." எண்ணிக்கை பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் முதலில் மருந்தாளர், அப்புறம்தான் எந்தப் பிரிவு என்பது சரியான பேச்சு.

#13 ஈசூன் அப்பா | திங்கள், மதியம் 12.45

வேலை இடைவேளையில் எழுதுகிறேன். எல்லாருக்கும் கோடி நன்றி. மகளிடம் இரவு படித்துக் காட்டினேன். மச்சானுக்கும் அனுப்பினேன், அவர் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். பொமெலோ சாப்பிடலாமா? அவருக்கு உயிர். சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டார் கொடுப்பார்கள். இப்போது கூடாது என்கிறார்களாம், ஏன் என்று புரியவில்லை என்கிறார்.

#14 மருந்தறை இரண்டாம் மாடி | திங்கள், மதியம் 1.30

கூடாது, ஒரு சுளைகூட வேண்டாம். கிரேப்ஃபுரூட்டும் பொமெலோவும் ஒரே குடும்பம். கிளாரித்ரோமைசின் முடக்கும் அதே நொதியைத்தான் இந்தப் பழங்களும் குடலில் முடக்கும். சாதாரண ஆரஞ்சு பரவாயில்லை. நட்சத்திரப் பழமும் வேண்டாம், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது மூளையையே தாக்கும்.

அண்டை வீட்டார் கொடுப்பதை வாங்க மறுக்கச் சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளட்டும், வாழ்த்துச் சொல்லட்டும், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும். தேக்காவில் வாங்கும் லேகியம், சூரணம், மஞ்சள் மாத்திரை, சீன மருந்துக்கடைக் கஷாயம், எதுவானாலும் முதலில் எங்களிடம் காட்டச் சொல்லுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மாத்திரையாகச் செறிவூட்டிய மஞ்சள் வேறு. திட்ட மாட்டோம். திட்டுவோம் என்று பயந்துதான் நிறையப் பேர் மறைக்கிறார்கள். நான் கேட்கும்போது "நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்பதில்லை, "இல்லை" என்றுதான் பதில் வரும். "உடம்புக்கு நல்லதுன்னு வீட்டுல யாராச்சும் என்ன குடுத்தாங்க?" என்று கேட்பேன். பட்டியலே வரும்.

#15 தொடர்பாளர் தாதி | திங்கள், மாலை 6.20

விரதமும் சேர்த்துச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு முன்னால் வருடா வருடம் இந்தப் பேச்சு வரும். சைவமாக இருப்பதில் பிரச்சினை இல்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் பிரச்சினை. பிப்ரவரிச் சந்திப்பில் இரத்த முடிவைப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட, டிசம்பரிலேயே கேட்டுவிடுவது நல்லது.

#16 மூன்றாம் ஆண்டு | திங்கள், இரவு 9.50

நான் மருந்தியல் மூன்றாம் ஆண்டு மாணவி. தங்கச்சிக்கு ஒரே ஒரு விஷயம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளின் வகுப்பு வரும்போது அவளுக்கு மாமா முகம் நினைவுக்கு வரும். சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணிலிருந்த பூஞ்சையிலிருந்து வந்தது, டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுக்குபாவில் மண்ணிலிருந்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது. முதல்முறை அதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. இங்கே முதல் சிறுநீரக மாற்று 1970இல் நடந்தது, அப்போது இந்த இரண்டு மருந்துமே கிடையாது. அந்தக் காலத்து மருத்துவர்களும் நோயாளிகளும் எவ்வளவு துணிந்திருப்பார்கள்!

படிப்பு கடினம்தான். தமிழை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள் அங்கிள். பயிற்சியின்போது ஒரு பாட்டிக்கு "வெறும் வயிற்றில்" என்பதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

#17 காலை ஒன்பது இரவு ஒன்பது | திங்கள், இரவு 10.15

பணத்தைப் பற்றி அப்பா கேட்டிருந்தார், வேலைக்குச் சம்பளம் எனக்குத் தெரியாது. நோயாளி பக்கம் மட்டும் சொல்கிறேன். இந்த மருந்துகளுக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் மெடிசேவ் சேமிப்பும் கைகொடுக்கின்றன. எனக்கு அதுவும் போதாமல் போன ஒரு காலம் இருந்தது, கோவிட் சமயம், வேலை போய்விட்டது. கையில் இருந்ததை இழுத்தடிக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று யோசித்தேன். மருந்தாளரிடம்தான் முதலில் வாய்திறந்தேன். அவர் அன்றே மருத்துவச் சமூக ஊழியரிடம் அழைத்துப் போனார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. உங்கள் மகள் படிக்கும்போது, மருந்து எழுதப்பட்டிருக்கிறது என்றால் வாங்க முடிகிறது என்று அர்த்தமில்லை என்பதும் அவள் மனதில் இருக்கட்டும்.

#18 ஈசூன் அப்பா | செவ்வாய், இரவு 9.40

மகளே இப்போது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். #16 எழுதியதை மூன்று முறை படித்தாள். தமிழ் வகுப்பை முடித்துவிட்டோம் என்று இருந்தவள், பாட்டியிடம் "வெறும் வயிறு" என்று சொல்லிப் பார்க்கிறாள்.

அந்தச் சொந்தக்காரருக்கு #2ஐ அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய அம்மாவும் அதே போல ஏதோ ஒரு மருந்தைக் குழப்பிக்கொண்டிருக்கிறாராம், யாரிடம் கேட்பது என்று என்னைக் கேட்கிறார். மருந்து வாங்கும் இடத்தில் மருந்தாளரைக் கேளுங்கள் என்று எழுதினேன்.

ஒரே கேள்வி மிச்சம். தேர்வு முடிந்த பிறகு, பல்கலைக்கழகம் தொடங்கும்வரை அவள் என்ன செய்யலாம்? மருத்துவமனையில் சும்மா போய் நிற்க விட மாட்டார்கள் அல்லவா?

#19 மருந்தறை இரண்டாம் மாடி | செவ்வாய், இரவு 10.25

சமூக மருந்துக்கடைகளில் பகுதிநேர வேலை கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் திறந்த நாளுக்கும் போகட்டும்.

அதற்கு முன்னால், மாமா வீட்டில் ஏழு நாள் மாத்திரைப் பெட்டி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் அதை நிரப்பும்போது பக்கத்தில் உட்காரட்டும். அவள் நிரப்ப வேண்டாம், அவரே நிரப்பட்டும். மருந்துப் பட்டியலை அவள் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாத்திரைக்கும் "இது எதுக்கு மாமா?" என்று கேட்கட்டும். எந்த மாத்திரைக்கு அவர் பதில் சொல்லத் தயங்குகிறாரோ அதை எழுதி வைத்து, அடுத்த சந்திப்புக்கு அந்தத் தாளோடு வரட்டும்.

#20 ஈசூன் அப்பா | ஞாயிறு, மாலை 5.10

செய்தாள். பதினொரு மாத்திரையில் இரண்டுக்கு மச்சானால் சொல்ல முடியவில்லை. தாள் அவள் கைப்பையில் இருக்கிறது. அடுத்த சந்திப்பு 19ஆம் தேதி.